ராணியின் கன்னத்தில் கட்டங்கள்

வெள்ளி ரூபாயை மூக்கருகே பிடித்து ஒருமுறை முகர்கிறார் மர்சூக். பிறகு நகத்தால், காசில் பதிந்திருக்கும் ராணியின் கன்னத்தைச் சுரண்டுகிறார். "சுண்ணாம்பு," என்கிறார். "வெத்திலப் பைக்குள்ள கிடந்த காசு. ஒங்கட உம்மா, அம்மா, யாரோ நல்லா வெத்தில போடுவாங்களே?" காசு மாற்ற வந்த வண்டிக்காரர் வாயைப் பிளக்கிறார். மர்சூக்குக்கு அன்றைக்குச் சோறுகூட வேண்டாம். அந்தப் பிளந்த வாய் போதும்.

மடவளையிலிருந்து விடியலில் நடந்து வந்து, கண்டிக் கடைவீதியில் மைத்துனரின் துணிக்கடை ஓரமாக ஒரு கதிரையைப் போட்டுக்கொள்வார். முன்னால் ஒரு கருங்கல். கோப்பித் தோட்டத்துச் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பள ரூபாயைச் சில்லறையாக்க அவரிடம் வரும்; எல்லோருக்கும் அவர் 'நானா', அதாவது அண்ணன். ரூபாயைக் கல்லில் தட்டி ஓசை கேட்டால் நல்லதா போலியா என்று தெரிந்துவிடும். வேலை அதோடு முடிந்தது. ஆனால் மனிதர் விடமாட்டார். காசின் ஒவ்வொரு சொரசொரப்புக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். குழிகுழியாக இருந்தால் உப்புப் பானைக்குள் ஒளித்தது. கொப்புளம் கண்டிருந்தால் அடுப்படியில் புதைத்தது. சொல்வதில் பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியையும் அதே கணீர்க் குரலில்தான் சொல்வார். எதிர்க்கடையில் இருக்கும் எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன ஞாயிறு மூக்காயி என்ற தோட்டத்துப் பெண் வந்தாள். கடல் கடந்து வந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தபோது அவள் மகளுக்கு வாந்திபேதி கண்டதாம். பிள்ளை பிழைத்தால் இந்த ரூபாய் உனக்கு என்று மாரியம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்திருக்கிறாள். பிள்ளை பிழைத்துவிட்டது. நேர்த்திக்கடனைச் செலுத்தக் கோயிலுக்குப் போனால், பூசாரி காசைத் தடவிப் பார்த்துப் போலி என்று திருப்பிவிட்டார்.

"போலின்னா நான் நேந்துக்கிட்டதே பொய்யாப் போயிருமே நானா. எம்புள்ளைக்கு மறுபடி ஏதாச்சும் ஆயிட்டா?"

ரூபாயின் முகம் கறுத்து, பொடிப்பொடிக் கட்டங்களாகச் சொரசொரத்தது. மர்சூக் ஒரு தடவு தடவினார். "மணல் அச்சில வார்த்த கள்ளக் காசு," என்றார். மூக்காயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அவரை ஓர் அறை விடலாம் போலிருந்தது.

சொன்ன பிறகுதான் கல்லில் தட்டினார். கணீரென்றது. இன்னொருமுறை தட்டினார். அதே கணீர். மனிதரின் முகம் சுண்டிப்போயிற்று.

"இத எதில வச்சிருந்தீங்க புள்ள?"

மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். "இதுலதான். அம்மன் முடிப்பு காயக்கூடாதுன்னு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மஞ்சத் தண்ணியில நனைப்பேன்."

"காயக்கூடாதெண்டு யாரு சொன்ன?"

"யாரும் சொல்லல. எனக்கே ஒரு பயம்."

மர்சூக் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தார். முரட்டு நெசவு. இழைக்கு இழை காசில் இருந்த அதே கட்டம். ஓயாத ஈரத்தில் வெள்ளி கறுத்து, அந்தக் கறுப்பில் துணி பதிந்திருந்தது. "அல்லாஹ்வே! ராணிக்கே சீல உடுத்தீக்கிறீங்க!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நல்ல வெள்ளி, புள்ள. நான் சொன்னதுதான் பிழயாப் போச்சி." இப்படியொரு வார்த்தை அவர் வாயில் வந்ததே என்று மைத்துனர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

புளி போட்டுத் தேய்த்துத் தரட்டுமா என்று கேட்டார். மூக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தாள். "வேணாம் நானா. இத்தன நாளு கூட இருந்த மாதிரியே போகட்டும்."

மர்சூக் காசுப் பெட்டியைப் பூட்டி மைத்துனரிடம் கொடுத்தார். கருங்கல்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளோடு நடந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். கோயில் வாசலில், தெருவிலேயே கல்லை வைத்து, பூசாரி காதுபட ரூபாயைத் தட்டிக் காட்டினார். துணிக் கதையையும் சொன்னார். பூசாரி சிரித்துவிட்டு வழிவிட்டார்.

மூக்காயி உள்ளே போனாள். மர்சூக் தெருவில் நின்றபடியே தொப்பியைச் சற்று மேலே தள்ளி, காதருகே கையைக் குவித்துக்கொண்டார், உண்டியலில் காசு விழும் சத்தத்துக்காக.