முந்திரி ஓட்டு எண்ணெயும் அவள் கைகளும்

எழுபதுகளின் பிற்பகுதியில், வேதியியலில் பட்டம் பெற்றிருந்த நான், முந்திரி ஓட்டு எண்ணெயைக் காய்ச்சிப் பிசினாக்கித் தொட்டிகளுக்கும் குழாய் இணைப்புகளுக்கும் பூசும் தொழிலை ஆரணியில் தொடங்கினேன். பட்டுக்குச் சாயமேற்றும் சிமெண்டுத் தொட்டிகளை அமிலம் அரித்துக் கசியவைத்த காலம் அது. என் பூச்சு இறுகிய பின் அமிலமோ கொதிநீரோ அதைத் தீண்டியதில்லை. நான் பூசிய தொட்டி கசிந்ததென்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதைப் பதிவு செய்வது என் கடமை.

என் மனைவி, சாயப்பட்டறையும் தறியும் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். தறியில் நெடுக்கே ஓடும் இழைகளான பாவு தீர்ந்ததும், அதன் முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரலில் விபூதி தொட்டுக்கொண்டு அவள் சேர்த்தால் இணைப்பு எதுவெனக் கண்டுபிடிக்க முடியாது. முள்ளிப்பட்டிலிருந்துகூட அவளை அழைக்க ஆள் வரும். எங்கள் வீட்டுக்கு என்னைக் காட்டிலும் அவளைத் தேடி வந்தவர்களே அதிகம்.

நான் வெம்பாக்கம் சென்றிருந்த ஒரு நாள், கொட்டகையிலிருந்த பீப்பாயின் குழாய் கழன்று, காய்ச்சாத எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. அவள் வெறுங்கையால் அடைத்துப் பிடித்தாள். அது தோலைப் புண்ணாக்கும் என்பதை அறிந்தவள்தான். உடனே கழுவவும் செய்தாள். ஆனால் சாயம் ஒட்டிய கையை அவள் வீட்டார் எப்படிக் கழுவுவார்களோ, அப்படிக் கழுவினாள். அடுத்த தெருவிலிருந்த பிறந்த வீட்டுக்கு ஓடி, பட்டு அவித்து மீந்த சூடான சலவைச்சோடா நீரில் இரு கைகளையும் அமிழ்த்தித் தேய்த்தாள். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்திருக்க வேண்டும். சோடா தோலின் நெய்ப்பை எடுத்துவிட, எண்ணெயின் அமிலம் உள்ளே இறங்கியது.

கைகள் கொப்பளித்து உரிந்தன. வேலூர் மருத்துவரின் களிம்பில் புண் ஆறியது. புதுத்தோலோ உப்புத்தாள்போல் சொரசொரப்பாக வளர்ந்தது. உரிந்து, மீண்டும் அப்படியே வளர்ந்தது.

"ஆறிடிச்சுங்க. வலியே இல்ல," என்பாள். நான் அஞ்சியது வலிக்காக அல்ல.

அவ்வாண்டே அவள் தம்பி, தன் கல்யாணத்துக்கான கூறைப் புடவைக்குப் பாவு ஏற்றினான். இழை சேர்க்க அவளை அழைக்க வந்தான்.

"இன்னாக்கா, பெரிய வீட்டம்மா ஆயிட்டியா? மாமா விடமாட்டேங்கிறாரா?"

"அவரு யாருடா என்னை விடறதுக்கு? ஜல்தியா நட," என்று சிரித்துக்கொண்டே கிளம்பினாள். நானும் உடன் சென்றேன்.

தறியில் அமர்ந்து, விபூதியைத் தொட்டு, முதல் இழையை எடுத்தாள். அது விரலில் சிக்கிப் பிசிறாகப் பிரிந்தது. அடுத்த இழையும் அவ்வாறே.

தம்பி அவசரமாகச் சொன்னான்: "இந்த தபா வந்த பட்டே பேஜாருக்கா."

மேலான பட்டு அது. எங்கள் மூவருக்கும் தெரியும்.

"ஆமாண்டா, சரக்கு சரியில்ல," என்று எழுந்தவள், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத் தன் இடத்தில் உட்காரவைத்தாள். "எல்லாருக்கும் காபி போட்டுகினு வரேன்," என்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே சென்று சமையலறை வாசலில் நின்றேன்.

"இன்னாத்துக்கு நின்னுகினு இருக்கீங்க? போங்க, தொட்டி பூசற வேலை கெடக்கு இல்ல," என்றாள், திரும்பாமலே.

முகூர்த்தத்தன்று கூறைப் புடவையை எடுத்து மணப்பெண்ணிடம் கொடுக்கும் உரிமை நாத்தனாரான அவளுடையது. அவள் தட்டின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு, "நீயே எடுத்துக்கம்மா," என்று நீட்டினாள்.