அவனுக்குப் புரியும் பாஷை

“…நான் சொன்ன எதையும் அவன் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்பான்” என்று அந்த வெளிநாட்டம்மா தட்டியதைக் கைபேசி தமிழில் சொல்லி முடித்தது. பஸ் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாத குரல். பெயிண்ட் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“போனுக்குத் தமிழ் தகராறு பாப்பா. ‘எல்லாரும் கேப்பாங்க’ன்னு சொல்ல வருது.”

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒகேனக்கலில் அருவிக்குக் கீழே, இரண்டு மலைச்சுவர்களுக்கு நடுவில் ஆறு ஒடுங்கிப் போகும் இடத்தில், ஒரு பெரிய பாறைமேல் இருந்தோம். பரிசலில்தான் அங்கே போக முடியும். எங்களை ஏற்றி வந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அப்பாவுக்குப் பாறைகளில் எச்சரிக்கை எழுதுகிற வேலை. ‘ஆழம் அதிகம்’, ‘இங்கே குளிக்காதீர்’ என்று ஆற்றோரம் முழுக்க அவருடைய மஞ்சள் எழுத்துதான். மாமா விடமாட்டார்: “எங்க மாப்ள எழுத்து அவ்வளவு அழகு. நின்னு படிச்சு ரசிச்சுட்டு அங்கயே குதிக்கிறானுங்க.”

அந்தம்மாவின் மகன் முந்திய கோடையில் இந்தப் பாறையிலிருந்துதான் குதித்தான். மேலே வரவில்லை. மேட்டூர் அணை வரைக்கும் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். ‘விதிகளுக்குக் கீழ்ப்படியவும்’ என்று பாறையில் தமிழிலும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே தங்கள் மொழியிலும் எழுத வேண்டும் என்று கேட்டு அந்தம்மா கடல் தாண்டி வந்திருந்தார். அலுவலகத்தில் தலையாட்டிவிட்டார்கள். பரிசல்காரர்கள்தான் முடியாது என்றார்கள்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரில் போய் உடல் கிடைக்காதவன் விழுந்த இடத்தில், அவனுக்குப் புரியும் பேச்சில் யாரும் வாய் திறக்கக் கூடாது; தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்வானாம். தமிழாள் போன இடத்தைத் தாண்டும்போது கன்னடத்தில் பேசிக்கொள்வார்கள். கன்னடத்தார் போன இடத்தில் தமிழில். இரண்டு பேரும் போன இடத்தில் துடுப்புச் சத்தம் மட்டும்தான். இந்தப் பாறை ஒன்றில்தான் எந்தப் பேச்சும் பேசலாம், பீடி பற்றவைத்துக்கொண்டு ஊர்க்கதை அளக்கலாம் என்று அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

“இப்ப அவன் பாஷையையே கொண்டாந்து வெக்கறீங்களே மாப்ள” என்றார் மாமா.

“எழுத்துதானே மச்சான். எழுத்துக்கு வாயா இருக்குது?”

“எழுதிக்கங்க. வாய்விட்டுப் படிக்கக் கூடாது. படிச்சா நான் பரிசல எடுத்துட்டுப் போயிருவேன். நீங்க நீந்தி வூடு வந்து சேருங்க.”

இதைக் கைபேசியில் தட்டி, சத்தமில்லாமல் அந்தம்மாவுக்குப் படிக்கக் காட்டினோம். அவர் உடனே தலையசைத்தார்.

பாப்பாரப்பட்டியில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள் என்பதால் சொல் தேடும் வேலை என்னுடையது. கீழ்ப்படி என்பதற்கு இங்கிலீஷில் ‘ஒபே’ என்று அடித்தேன். கைபேசி இரண்டு ஸ்பானிஷ் சொற்களைக் காட்டியது. முதல் சொல் ‘கும்ப்லீர்’. அந்தம்மா தட்டி விளக்கினார்: சட்டத்தை, சொன்ன வாக்கை, பெரியவர்கள் தாங்களாகவே காப்பாற்றுவது அது. பலகைகளில் அதைத்தான் எழுதுவார்களாம். ஆனால் அவர் அதை விரலால் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்தார். ‘ஒபெதேசே.’ சாலையில் ஓடுகிற பிள்ளையைப் பார்த்துத் தாய் போடும் அதட்டல் அது.

“பாறையில எழுதறதுக்கு வூட்டுப் பேச்சு எதுக்குங்கம்மா?” என்று அப்பா கேட்டார். அதற்குத்தான் அந்தக் கைபேசி ‘இதை மட்டும் கேட்பான்’ என்று பதில் சொன்னது. வந்தவர் விருப்பம் என்று அப்பா பிரஷ்ஷைத் தோய்த்தார்.

உச்சி வெயில். மலைச்சுவரில் ஒட்டியிருந்த குருவிகள்கூடச் சத்தம் போடவில்லை. கல்லில் கட்டியிருந்த பரிசல் சும்மா நின்றது. அப்பா ஒவ்வோர் எழுத்தாகக் கைபேசியைப் பார்த்துப் பார்த்து இழுத்தார். அந்தச் சொல் முடிந்ததும் அடுத்த சொல்லுக்குக் கோடு போடப் போனார். அந்தம்மா கையை நீட்டித் தடுத்தார். போதும் என்று சைகை செய்தார்.

“விதிகளைன்னு இன்னும் எழுதலியே…”

போதும் என்று மறுபடி சைகை காட்டினார். பிறகு பாறையின் விளிம்புக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தார். எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னார். கத்தவில்லை. அறைக்குள் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் சத்தம்.

எதிர்ச்சுவரில் பட்டு அந்தச் சொல் திரும்பி வந்தது. வந்த குரல் வேறு, வயதுப் பையனின் குரல் என்று மாமா இன்றைக்கும் சொல்வார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நான் பார்த்தது பரிசலைத்தான். அலையே இல்லாத தண்ணீரில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யாரோ விளிம்பைப் பிடித்துக்கொண்டதுபோல. கயிறு விறைத்தது. மாமா பாய்ந்து துடுப்பை எடுத்துக்கொண்டு, எங்களில் யாருக்குச் சொன்னாரோ, கன்னடத்தில் “பேடா, பேடா” என்றார். வேண்டாம், வேண்டாம் என்று. ஆனால் அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. கிளம்புவேன் என்று மிரட்டிய மனிதர், துடுப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அந்தம்மா எங்கள் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தவாக்கிலேயே சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். பத்துப் பேர் படுக்கலாம், அவ்வளவு பெரிய பாறை. எனக்குத்தான் இடம் விடுகிறார் போலிருக்கிறது, வெயிலுக்குத் துண்டு தருவார் என்று நினைத்து எழுந்தேன். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். பெயிண்ட் விரல்கள் என் மணிக்கட்டில் மஞ்சளாக ஒட்டின. ஏன் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தம்மா மடியிலிருந்த துண்டை உதறி, இரண்டு கைகளாலும் தண்ணீரின் பக்கமாக விரித்துப் பிடித்தார்.