பயம் இல்லை என்று நான் எழுதியது

என் மனைவிக்குப் பல் டாக்டரிடம் பயம் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள். கொஞ்சமும் பயம் இல்லை என்பது முதல் கட்டம், மிகவும் பயம் என்பது கடைசிக் கட்டம். ஐந்து கேள்விக்கும் முதல் கட்டத்திலேயே டிக் அடித்தேன். அவள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். குருவிகுளத்திலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் வெயிலில் பஸ் ஏறி வந்து மனுவோடு நிற்கிறவர்களிடம் நாலு கேள்வி கேட்பேன். மீதியை நானே எழுதிவிடுவேன். அவர்களும் கைநாட்டு வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் எழுதி நிரப்புகிற ஒரு பாரத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. யாருக்கு என்ன வேண்டும் என்று அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்ற திமிர் அது. அப்போது அதற்கு உதவி என்று பெயர் வைத்திருந்தேன்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் ஒரு திருகாணியை இறக்கி, அது எலும்போடு பிடித்த பிறகு மேலே பல்லை மாட்டுவது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்கே வாரத்தில் ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்து டாக்டர் ஒருவர் வந்து அதைச் செய்துவிட்டுப் போவார். எனக்கு முந்தின வருஷமே ஒன்று வைத்தார், நன்றாகப் பிடித்துக்கொண்டது. கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு என்று பார்க்காமல் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு திரிந்தேன்.

மனைவிக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று பல மாதம் ஆடி, தானாகவே விழுந்திருந்தது. அத்தனை மாதமும் அவள் டாக்டரிடம் போகவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. எனக்குச் சரியாக வந்தது அவளுக்கும் வரும் என்று நானே நாள் குறித்துவிட்டேன்.

டாக்டரோடு ஒரு பெண் வந்திருந்தாள், மேற்படிப்பு படிக்கிறவள். பல் வைத்தியத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு இம்பிளான்ட் எப்படிப் பிடிக்கிறது, பயப்படாதவர்களுக்கு எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. யாருக்குப் பயம், யாருக்குத் தைரியம் என்று திருகாணிக்கா தெரியப்போகிறது என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். முந்தின வருஷம் வைத்தவன் என்று என்னிடமும் ஒரு பாரம் எழுதி வாங்கிக்கொண்டு, மனைவிக்கான பாரத்தை நீட்டினாள்.

"அம்மாகிட்ட கேட்டு எழுதுங்க சார்."

"அவளுக்கு என்னம்மா பயம்? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும், ஊசி போடும்போது எப்படி இருக்கும் என்றெல்லாம் பாரத்தில் கேட்டிருந்தது. டிக், டிக் என்று அடித்துக்கொண்டே போனேன். மனைவி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரில் இருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டாள்.

திருகாணி இறக்கிய அன்று நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து மிஷின் சத்தம் மட்டும் வந்தது. முடிந்து வெளியே வந்த டாக்டர், "உங்க வீட்டுக்காரம்மா ஒரு முனகல்கூட இல்ல சார். இப்படி ஒரு பேஷன்ட் கிடைக்கிறது கஷ்டம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம்கூட அதைச் சொன்னேன். அவள் கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு தெருவைப் பார்த்தபடி வந்தாள்.

முதல் தடவை காட்டப் போகும்போது நானும் கூடப் போனேன். சும்மா வாயைத் திறந்து பார்ப்பதற்கு இரண்டு பேர் எதற்கு என்று அதற்கப்புறம் அவளைத் தனியாக அனுப்பினேன். காலையில் சீட்டை எடுத்துக்கொண்டு போவாள், மதியம் திரும்புவாள்.

"என்ன சொன்னாரு?"

"நல்லாப் பிடிச்சிருக்காம்."

"மேல பல்லு எப்பம் மாட்டுவாராம்?"

"இன்னும் ஒரு மாசம் ஆகணுமாம்."

அந்த ஒரு மாதம் நீண்டுகொண்டே போனது. அவள் வலப்பக்கமாகவே மெல்ல ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் இடது கன்னத்தில் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தாள். "டாக்டர் மருந்தும் வேணும், அம்மன் மண்ணும் வேணுமாக்கும்" என்று கிண்டல் செய்தேன். வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டிய நேரம் அது.

பிறகு ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து வாஷ் பேசினுக்குப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். உள்ளங்கையில் அந்தத் திருகாணி கிடந்தது. இரத்தம்கூட அதிகம் இல்லை, ஒரு மாதிரி வாடை மட்டும் அடித்தது. அவள் முகத்தில் வலியைவிட மாட்டிக்கொண்ட தவிப்புதான் தெரிந்தது. அதையும் திருகாணி போன வருத்தம் என்று நான் தப்பாகவே புரிந்துகொண்டேன்.

டாக்டர் வருகிற நாள் அது. திருகாணியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, அவளை வீட்டில் விட்டுவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பத்துப் பேர் பார்க்கச் சத்தம் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வந்து காட்டியவளுக்கு இப்படியா செய்வீர்கள் என்று கேட்டேன். அவள் நிதானமாக ஃபைலைப் புரட்டினாள்.

"சார், அம்மா ஒரே ஒரு தடவதான் வந்திருக்காங்க. உங்ககூட வந்தது. அதுக்கப்புறம் வரவே இல்ல."

"நல்லாப் பாரும்மா."

"நாங்க போனும் பண்ணினோம் சார். உங்க நம்பர்தான் குடுத்திருந்தீங்க. அம்மா கிளம்பி வந்துக்கிட்டிருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

சொன்னேன்தான். இரண்டு தடவையோ மூன்று தடவையோ சொன்னேன். காகிதப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவமானத்தில் எனக்கு மனைவிமேல் கோபம்தான் வந்தது, இரக்கம் வரவில்லை. இதை மறைத்து எழுத விருப்பமில்லை.

வீட்டில் அவள் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தன நாளும் எங்கட்டி போன?"

"கோவிலுக்கு."

"எல்லாத் தடவையுமா?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போவேன். அந்த மருந்து வாட அடிச்சதும் காலு அங்கன நிக்காது. அம்மன் சன்னதில போயி இருந்துட்டு, உச்சிகாலப் பூச முடிஞ்சதும் வந்துருவேன்."

அலமாரியைத் திறந்து ஒரு சின்ன பிரஷை எடுத்து வைத்தாள். திருகாணியைச் சுற்றித் தினமும் துலக்கச் சொல்லி முதல் தடவை கொடுத்தது. உறைகூடப் பிரிக்கவில்லை. வாய்க்குள் அந்த இடத்துக்கு எதைக் கொண்டுபோனாலும் உடம்பு வெடவெடத்துப்போகுமாம்.

அப்புறம் சொன்னாள். சின்ன வயதில், இளையரசனேந்தலில், பல் வலி என்று அழுதவளைச் சந்தைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கே ஒருவர் பல் பிடுங்குவாராம். மரத்துப்போகிற ஊசி எல்லாம் இல்லை. அப்பா தலையைப் பிடித்துக்கொள்ள, மாமா காலைப் பிடித்துக்கொள்ள, அந்த ஆள் குறடு போட்டு இழுத்திருக்கிறார்.

"மொதல்ல வேற பல்லப் பிடுங்கிட்டாரு. பெறவுதான் வலிச்ச பல்ல. சத்தம் போட்டா இன்னும் அழுத்திப் பிடிச்சாவ. அதுக்கப்புறம் நான் சத்தமே போடல."

முப்பத்துநாலு வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறோம். இது எனக்குத் தெரியாது.

"அன்னைக்கு அந்தப் பாரத்துலயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்கதான் பயம் இல்லன்னு எழுதிட்டியளே. கையெழுத்தும் வாங்கிட்டிய. பெறவு நான் எப்படிப் பயப்பட?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வாரம் புண்ணைக் காட்டக் கூட்டிப்போனேன். சுற்றியிருந்த எலும்பு கரைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஆறுமாதம் போனால் மறுபடியும் முயற்சி பண்ணலாம் என்றார். ஆராய்ச்சி செய்கிற பெண் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மனைவியோடு தனியாகப் பேசினாள். வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் கையில் பழைய பாரம் இருந்தது.

"சார், இது நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"ரொம்பப் பயம்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே மாத்திரை குடுத்திருப்போம். நடுவுல நிறுத்தி நிறுத்திச் செஞ்சிருப்போம். வராம இருந்தா வீட்டுக்கே போன் பண்ணி அவங்ககிட்டயே பேசியிருப்போம்."

"பயந்ததாலதான் விழுந்துச்சா?"

"ஒரு ஆள வச்சு அப்படிச் சொல்ல முடியாது சார். சுகர், எலும்பு, சுத்தம்னு எவ்வளவோ இருக்கு. அதத் தெரிஞ்சுக்கத்தான் இத்தன பேர்கிட்ட கேக்கிறோம். அம்மா பாரத்த மட்டும் இனிமே சேர்க்க முடியாது."

தலையாட்டினேன். என் பாரத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. எனக்குத் திருகாணி இறக்கிய அன்று சட்டை முதுகோடு ஒட்டிப்போகிற அளவுக்கு வேர்த்திருந்தது, நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்த விரல்கள் அப்புறமும் வலித்தன. ஆனாலும் முதல் கட்டத்தில்தான் டிக் அடித்தேன். பயமில்லாதவர், நன்றாகப் பிடித்தது என்று அவளுடைய ஆராய்ச்சியில் இன்னும் நான் இருக்கிறேன். அதைத் திருத்தச் சொல்லி அன்றைக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

ஆறுமாதம் எப்போதோ கழிந்துவிட்டது. மறுபடியும் வைப்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் மட்டும் தினமும், வலிக்கா, வலிக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இல்ல" என்கிறாள். அந்த இல்லையை வைத்து நான் ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. இத்தனை வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன இல்லைகளை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். மூத்த மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் சொன்னது, தன் அப்பா இறந்துபோன அன்று பஸ்ஸில் சொன்னது. எல்லாவற்றிலும் சந்தேகம் வருகிறது.

போன வாரம் அவள் சோற்றில் ரசத்தை ஊற்றிக் கையால் மசித்து மசித்து விழுங்குவதைப் பார்த்தேன். வலப்பக்கப் பல்லும் ஆட ஆரம்பித்திருக்கிறது, நான் பார்த்ததும் பசியில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். டாக்டரிடம் போகாமல் இருந்தால் அதுவும் விழும், அப்புறம் மெல்லுவதற்கு அவளுக்கு ஒரு பக்கமும் இருக்காது. கிளம்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் அவள் வருவாள். வந்து, வாயைத் திறந்துகொண்டு, சத்தம் போடாமல் கிடப்பாள்.