வடிக்காத தண்ணீர்

என் எழுத்து வரிசையில் நிற்காது. எங்கே ர, எங்கே ற என்று இன்னும் தடுமாறுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது; வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லொறி ஓட்டுகிறேன். ரப்பர் பால் ஏற்றுவதும் அதில்தான், அவசரத்துக்கு ஆள் ஏற்றுவதும் அதில்தான். டீசல் பில்டரின் அடியில் ஒரு திருகு உண்டு. டீசலோடு வந்த தண்ணீர் அங்கே தங்கும்; எஞ்சினுக்குள் போனால் வண்டி நின்றுவிடும். காலையில் திருகைத் தளர்த்தி, நல்ல டீசல் வரும்வரை வடிக்க வேண்டும். டீசலுக்குக் கியூவில் கிடந்த காலத்தில் அதை விட்டுவிட்டேன். தண்ணீரோடு போகும் கொஞ்ச டீசலை மண்ணில் விட மனம் வரவில்லை. கிடைத்த டீசலையும் பால் கேன்களில்தான் வைத்திருந்தோம். கேனில் ஒட்டியிருந்த ரப்பர் பாலைத் தண்ணீர் விட்டு அலசியவன் நான். காயவிடாமல் டீசல் ஊற்றியவனும் நான்தான்.

ஒரு காலை, கீழ் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. முதல் பிள்ளை. அவளையும் புருஷனையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பாதி மேட்டில் லொறி இருமி நின்றது.

திருகைத் திறந்தேன். தண்ணீராகவே ஊற்றியது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"அவளுக்கே இன்னும் ஒடயல. ஒன் லொறிக்கு மொதல்ல பனிக்குடம் ஒடஞ்சிருச்சே!"

வலியிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு கத்தினாள்.

"டீசல் ஷெட்காரன் தண்ணிய கலந்துட்டானாண்ணே?" என்றான் புருஷன்.

"இல்லப்பா. நாந்தான் தெனமும் வடிக்கணும். வடிக்கல."

அவன் ரோட்டின் நடுவில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர் வேனை நிறுத்தினார். அரிசி மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி அவளுக்கு இடம் செய்தோம்.

"நீங்க மூட்டைய பாத்துக்கங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பறந்தார். பிள்ளை பெறப் போகிறவளை ஏற்றிவந்தவன், அரிசிக்குக் காவலாக நின்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வேனுக்குள்ளேயே பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

அதன் பிறகு ஒரு காலையும் தவறவிட்டதில்லை. போத்தலில் பிடித்து, அடியில் தண்ணீர் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பேன். யாரும் என்னைத் திட்டியதில்லை. லொறியில் ஏறும்போது மட்டும், "தண்ணி எடுத்தாச்சாண்ணே?" என்பார்கள், சிரித்துக்கொண்டே.

இன்று காலை அந்தப் பெண்ணுக்கு இரண்டாம் பிள்ளைக்கு வலி என்று கேட்டதும் சாவியோடு ஓடினேன். லயத்து வாசலில் திரீவீல் ஆட்டோ ஒன்று நின்றது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றான் புருஷன், என் முகத்தைப் பார்க்காமல். "அவதான் பயப்புடுறா."

விடிந்ததுமே வடித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரீவீலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

வெசாக் போயா பௌர்ணமிக்கு மறுநாள் எழுதியது.