உடைக்காமல் திறந்த பூட்டு

போலீஸ் கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் போய்ப் பூட்டைத் திறந்து கொடுத்தவர் பூட்டுக்காரர். "அண்ணே, உங்க கையே சாவி" என்று இன்ஸ்பெக்டர் தோளில் கைபோடுவார். அதிலேயே இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒரு நகைக்கடையில் பூட்டு உடையாமல் திருட்டுப் போனபோது, அதே இன்ஸ்பெக்டர்தான் பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்க இவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனார். சிறையில் கிடந்து, நிரபராதி என்று விடுதலையான பிறகு, பொய்வழக்குப் போட்டதற்காக இவர் இன்ஸ்பெக்டர்மேல் வழக்குத் தொடுத்தார்.

இன்று கூண்டில் நின்றது இன்ஸ்பெக்டர். "இவரைக் கைது பண்ண என்ன ஆதாரம்?" என்று பூட்டுக்காரரின் வக்கீல் கேட்டார்.

"உடைக்காம தொறக்க இவருக்குத்தான் தெரியும். எங்களுக்கே எத்தனையோ தடவை தொறந்து குடுத்திருக்காரு."

"வேற?"

"வேற எதுவும் இல்ல."

பூட்டுக்காரர் மனசுக்குள் வைதார். செய்த உதவியையே சாட்சிக்கு நிறுத்திவிட்டானே, பாவி.

வெளியே வந்ததும் அதே ஸ்டேஷன் ஏட்டு தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தார். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. ஸ்டேஷன் பீரோ சாவி தொலைஞ்சுபோச்சு. கொஞ்சம் வந்து..."

"உடைச்சுத் தொறங்க" என்றார் பூட்டுக்காரர். "உடைஞ்சிருந்தாத்தானே நான் இல்லன்னு நம்புவீங்க."