வெடித்த பானை என்னுடையது

எனக்குப் பத்து வயதிருக்கும்போது சித்திக்குப் பானை செய்யும் பைத்தியம் பிடித்தது. தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அதையும் அடையாறில் ஒரு பழைய வீட்டுத் தோட்டத்தில் மண்ணைப் பிசைந்து கழிக்கப்போவதாகச் சொன்னாள். சக்கரம் தெரியாத காலத்து மனிதர்கள் செய்ததுபோல, வெறுங்கையால் பானை செய்யும் பயிற்சியாம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். பெரியம்மா தானாகவே வந்தாள். கொலுவில் வைக்க அவளுக்கு ஒரு பானை வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறன்று மண்ணைக் கயிறாக உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்கி, கூழாங்கல்லால் தேய்த்து மழமழப்பாக்கினோம். சொல்லிக்கொடுத்தவள் தொல்லியல் படித்த ஓர் அக்கா. என் பானையைத் தட்டிப் பார்த்து, "அடி ரொம்பத் தடியா இருக்கும்மா, சுடும்போது வெடிக்கும். கொஞ்சம் சுரண்டிடு" என்றாள். குண்டாக இருந்தால்தானே பானை? நான் அதைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு சுடும் நாள். தோட்டத்தில் குழி வெட்டி வைக்கோல் பரப்பியிருந்தார்கள். எல்லோரும் பானையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது, சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டாள். பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, நீ தூரமா? சொல்லவேயில்லையே! குழியைத் தொட்டுத் தொலைக்காதே. எல்லார் பானையும் வெடிச்சுடும்."

தூரம் என்றால் தொலைவு என்றுதான் எனக்குத் தெரியும். சித்தியோ குழியை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

"அக்கா, அந்தக் காலத்துப் பொம்மனாட்டிகள் மாசாமாசம் சூளையை அணைச்சுட்டு உக்காந்துண்டா இருந்தா?" என்றாள் சித்தி. "பயமா இருந்தா உன் பானையை எடுத்துக்கோ."

பெரியம்மா நிஜமாகவே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சித்தி தன் பானையைக் குழியின் நட்டநடுவில் வைத்தாள். மேலே வறட்டியை அடுக்கினாள். தீப்பெட்டியைக் கேட்டு வாங்கி, அவளே கொளுத்தினாள்.

புகை கண்ணைக் கரித்தது. நடுவில் ஒருமுறை டொப்பென்று சத்தம் கேட்டது. சாயங்காலம் சாம்பலை விலக்கினால், எல்லாப் பானைகளும் சிவப்பும் கருப்புமாக முழுசாக இருந்தன. என்னுடையது மட்டும் சில்லுசில்லாகக் கிடந்தது.

"நான் சொன்னேனோல்லியோ? பாவம், குழந்தையோடது போச்சு" என்றாள் பெரியம்மா.

அதுவரை ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் வைத்திருந்த சித்தி என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது நான் செய்த பானை. உடைந்தாலும் என்னுடையது. அதைச் சித்தி எப்படி உடைத்திருக்க முடியும்?

"சித்தியால ஒண்ணும் இல்லை!" என்று கத்தினேன். "அடியைச் சுரண்டச் சொன்னா, நான்தான் மாட்டேன்னுட்டேன். அதான் வெடிச்சுது. வேணும்னா அந்த அக்காவைக் கேளு!"

அந்த அக்கா ஆமென்று தலையாட்டினாள். யாரோ சிரித்தார்கள். "பத்து வயசுல என்ன வாய்!" என்று பெரியம்மா சுடாத பானையோடு விடுவிடுவென்று வாசலுக்கு நடந்தாள்.

மயிலாப்பூர் வரும்வரை ஆட்டோவில் சித்தி என் சாம்பல் கையை விடவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. புகையின் வேலை என்று நினைத்தேன். என் பானைக்காக வருத்தப்படுகிறாளோ என்றும் தோன்றியதால், "அடுத்த வாரம் வேற பண்ணிக்கலாம் சித்தி" என்று தேற்றினேன். பெரியம்மா எங்களோடு ஏறாமல் வேறு ஆட்டோ பிடித்துப் போயிருந்தாள். அதனால் எனக்கு ஓரத்து இடம் கிடைத்திருந்தது. அன்றைக்கு நான் ஜெயித்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, காற்றில் தலைமுடி பறக்க உட்கார்ந்து வந்தேன்.