கைப்பையில் போன கைப்பிடி

வெர்னா ஸ்டோல்ட்ஸ் பிடித்தால் உடும்புப்பிடி. ஃபிலடெல்ஃபியாவில் பன்னிரண்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, வாதாடி வாதாடித் தோற்றவன் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

1952-ல் எங்கள் சிறிய கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் கட்டியது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல் நாலாயிரம் கண்ணாடி வால்வுகள். கடன் கொடுத்த பேங்க் அனுப்பும் பரிசோதகர் முன்னால் அது எட்டு மணி நேரம் பிழையில்லாமல் கணக்குப் போட வேண்டும். இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவதும் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

முதலாளி லெஸ்டர் கிரப் பஞ்சத்தில் வளர்ந்தவர். சாயங்காலம் விளக்குகளை அணைத்து, கம்ப்யூட்டரின் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுத்தான் தொப்பியை எடுப்பார்.

"சார், பல்பு எப்போ ஃபியூஸ் போகுது? போடும்போதுதானே? வால்வும் அப்படித்தான். தினம் காலையில அஞ்சாறு சாகுது. அணைக்காதீங்க," என்றாள் வெர்னா.

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்கும்மா கரண்டு? எங்கம்மா இருந்தா என் காதைத் திருகியிருப்பா."

செத்த வால்வுகளைத் தேதிவாரியாக எழுதிக் காட்டினாள். அவர் பார்க்கவேயில்லை.

திங்கட்கிழமை பரிசோதனை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெர்னா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சுவிட்சின் கைப்பிடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா?" என்றாள் என்னிடம்.

"எதை?"

"நல்ல பிள்ளை." டிராம் பிடிக்கப் போய்விட்டாள்.

சுவிட்சை இறக்க வழியில்லாமல் கிரப் அவள் வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கத்தினார். பதில் எனக்கே கேட்டது. "திங்கக்கிழமை மெஷின் நின்னா கைப்பிடியும் தரேன், வேலையும் விட்டுடறேன் சார்."

திங்கட்கிழமை அது நிற்கவில்லை. சாயங்காலம் பரிசோதகர் கையெழுத்துப் போட்டார். கிரப் வெர்னாவிடம் கையை நீட்டினார். கைப்பிடிக்கென்று நினைத்து அவள் பையை இறுக்கிக்கொண்டாள்.

"அதை நீயே வெச்சுக்க. கை குடும்மா," என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் இடத்திலேயே பதினொரு வருஷம் ஓடியது. பிறகு வால்வே இல்லாத புதியது வந்து இறங்கியது. பழையதை அணைக்க வேண்டும், ஆனால் சுவிட்சில் கைப்பிடி இல்லை. வெர்னா தன் மேஜை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து வந்து மாட்டினாள்.

"நான் இறக்கட்டுமா?" என்றேன்.

"கையை எடு."

இறக்கினாள். பதினொரு வருஷ இரைச்சல் அடங்கியது. அவள் அழுவாள் என்று கைக்குட்டையோடு நின்றேன். எனக்குத்தான் தேவைப்பட்டது.

அவள் கைப்பிடியை மறுபடி கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, புதிய மெஷினின் சுவிட்சைப் பார்க்கப் போனாள்.